ஈரல் கெட்டால் எலும்பும் இளைக்கும்

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் பேசியதைப் பெரும்பாலும் பேசியபடியே எழுதித் தருகிறோம்.)



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே "கடன் திருப்பம் - ஆய்வு" என்று போட்டிருக்கிறது. அதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பொருளாளர் அக்கா பேசுவார்கள். அவர்களிடம் கேட்டு இந்த அரை மணி நேரத்தை நான் வாங்கியிருக்கிறேன். நான் பேசப் போவதும் ஒரு வகையில் கடன் பற்றித்தான். கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு குழுவின் தீர்மான நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உறுப்பினரின் மாமியார் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபடியால் அவசரக் கடனாக ரூ.30,000 வழங்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்கு நாலு பக்கம் முன்னால் அதே உறுப்பினர் பெயரில் அபராதம். மூன்று கூட்டத்துக்கு வரவில்லை, கூட்டத்துக்குப் பத்து ரூபாய் வீதம் முப்பது ரூபாய். இன்னும் பின்னால் புரட்டினால், இரண்டு வருஷத்துக்கு முந்தி "மாமியார் வைத்தியச் செலவு" என்று வாங்கிய உள்கடன் ரூ.8,000. அது ஈரல் வைத்தியத்துக்கு வாங்கியது.

மூன்றும் ஒரே கதை சகோதரிகளே. நோட்டில் மூன்று தனித்தனிப் பக்கமாக இருக்கிறது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பலமுறை டீ குடித்தவள் நான். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். நானும் அதை மூன்று பக்கமாகத்தான் பார்த்துவந்தேன். ஈரல் நோய்க்கும் எலும்பு முறிவுக்கும் சம்பந்தம் உண்டு என்று அந்த அம்மா விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த வெட்கத்தில்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன். அந்த உறுப்பினரிடம் கேட்டு, பெயர் சொல்லாமல், நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. பன்னிரண்டு வருஷமாக சுகர். நாலு வருஷத்துக்கு முன்னால் வயிறு உப்பி, கால் வீங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கல்லீரல் சுருக்கம் என்று சொன்னார்கள். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்று நீர் பிரிகிற மாத்திரையும், தினமும் இரண்டு மூன்று முறை வயிற்றால் போக வேண்டும் என்று ஒரு சிரப்பும் கொடுத்தார்கள்.

ஊர் என்ன பேசியது தெரியுமா? "ஈரல் சுருங்கிருச்சாம்ல, கெழவி மருமகளுக்குத் தெரியாம ராத்திரியில ஊத்திருக்கும் போல" என்று பேசியது. அந்த அம்மா வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. குழாயடியில் இந்தப் பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து அவர் வாசலில் உட்காருவதையே விட்டுவிட்டார். உள்ரூமில் கட்டில், கட்டிலே கதி. வெயில் படவில்லை, நடை இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

குடித்தால்தான் ஈரல் கெடும் என்பது தப்பு. குடி ஒரு பெரிய காரணம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேறு காரணங்களும் இருக்கின்றன. பல வருஷமாகச் சுகர் இருக்கிறவர்களுக்கும் உடம்பு எடை கூடியவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு சேர்ந்து, அதிலே சிலருக்கு வருஷக்கணக்கில் தழும்பு விழுந்து சுருக்கத்தில் போய் நிற்கிறது. ஹெபடைடிஸ் பி, சி என்ற கிருமிகள் ரத்தத்தின் வழியாக வந்து சத்தமில்லாமல் பல வருஷம் இருந்து ஈரலைத் தின்னும். இந்த இரண்டுக்கும் 2018ல் தொடங்கிய தேசிய திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் பரிசோதனையும் மருந்தும் உண்டு. உடம்பு தன் ஈரலையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய்கள் சில இருக்கின்றன, அவை ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகின்றன. ஆகவே ஈரல் நோய் என்றதும் "குடிச்சியா" என்று கேட்கிற வாயை முதலில் நாம் மூடிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எத்தனை பெண்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்!

சரி, ஈரலுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

நம்முடைய குழுக் கணக்கில் பணம் எடுக்க வேண்டுமென்றால் ஒரு கையெழுத்து போதுமா? போதாது. ஊக்குநர் போட வேண்டும், பிரதிநிதியும் போட வேண்டும். அப்போதுதான் பேங்கில் பணம் கொடுப்பார்கள். வைட்டமின் டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வெயில் நம் தோலில் படும்போது உடம்பே அதைத் தயாரிக்கிறது. ஆனால் தோலில் உண்டானது அப்படியே வேலைக்கு ஆகாது. முதல் கையெழுத்தை ஈரல் போட வேண்டும். இரண்டாவது கையெழுத்தை சிறுநீரகம் போட வேண்டும். இரண்டும் விழுந்த பிறகுதான் நாம் சாப்பிடுகிற கேழ்வரகு, பால், கீரையில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை குடல் இழுத்துக்கொள்ளும். நோய் முற்றின ஈரலுக்குக் கையெழுத்துப் போடத் தெம்பு இருக்காது. இதிலே தோலிலிருந்து செக்கே வரவில்லை என்றால்? உள்ரூமில் படுத்திருக்கிறவருக்கு எங்கிருந்து வெயில்?

அடுத்தது பித்தநீர். அதை ஈரல்தான் சுரக்கிறது. எண்ணெய், நெய், கொழுப்பு செரிப்பதற்கும், கொழுப்போடு சேர்ந்து உள்ளே போகிற வைட்டமின்கள் உடம்பில் ஏறுவதற்கும் பித்தநீர் வேண்டும். வைட்டமின் டி அதில் ஒன்று, வைட்டமின் கே இன்னொன்று. பித்தநீர் ஓட்டம் தடைப்பட்டால் நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் இந்தச் சத்துகள் வெளியே போய்விடும்.

எலும்பு என்பது கல் மாதிரி அசையாமல் இருக்கிற பொருள் இல்லை. நம்ம வீட்டுச் சுவர் மாதிரி. ஒரு பக்கம் பழைய பூச்சை உதிர்க்கிற ஆள் உள்ளே இருக்கிறார், இன்னொரு பக்கம் புதுப் பூச்சு பூசுகிற கொத்தனாரும் இருக்கிறார். இளம் வயதில் கொத்தனார் வேகமாக வேலை செய்வார். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு உதிர்க்கிறவர் கை ஓங்கும். முதல் சில வருஷங்களில் எலும்பு வேகமாகவே கரையும். "பூசு, பூசு" என்று கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புகிற சில ரசாயனங்களை ஈரல் தயாரித்து அனுப்ப வேண்டும். ஈரல் படுத்துவிட்டால் அந்தச் சேதியும் நின்றுபோகும். சாராயம் நேராகவே கொத்தனாரைத் தாக்கும். சில ஈரல் நோய்களுக்கு மாசக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள், அதுவும் எலும்பைக் கரைக்கும். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. "இந்த மாத்திரையால எலும்புக்கு ஏதாச்சும் ஆகுமா, அதுக்கும் சேத்து மருந்து குடுங்க" என்று டாக்டரிடம் கேளுங்கள், போதும்.

கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு எலும்பு முறிகிற அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று ஆய்வுகளில் சொல்கிறார்கள். எலும்பு மெலிவது வெளியே தெரியாது, வலிக்கவும் வலிக்காது. முறிகிற அன்றைக்குத்தான் தெரியும்.

(இந்த இடத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து, "என் பிள்ளைக்குப் போன வருஷம் மஞ்சக்காமாலை வந்து சரியாயிருச்சு, அவனுக்கும் எலும்பு போயிருமா மேடம்?" என்று கேட்டார்.)

இல்லை அக்கா. நல்ல கேள்வி கேட்டீர்கள். தண்ணீரால், சாப்பாட்டால் வருகிற சாதாரண மஞ்சள் காமாலை சில வாரத்தில் முழுசாகச் சரியாகிவிட்டால் ஈரல் பழையபடி ஆகிவிடும். நான் பேசுவது வருஷக்கணக்காக இருக்கிற நோயைப் பற்றி. அதேபோல ஸ்கேனில் "கொழுப்பு ஈரல்" என்று ஒரு வரி வந்ததுமே எலும்பு போச்சு என்று அழ வேண்டாம். எடையைக் குறைத்து, சுகரைக் கட்டுப்பாட்டில் வைத்தால் அது திரும்பக்கூடிய கட்டம்தான்.

இப்போது பத்தியத்துக்கு வருகிறேன். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எங்க அப்பத்தா உயிரோடு இருந்தால் என்னை விளக்குமாற்றால் அடிக்கும்.

ஈரல் நோய் என்று கேட்டதும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? முட்டையை நிறுத்துகிறோம். பருப்பை நிறுத்துகிறோம். எண்ணெய் கூடாது, மீன் கூடாது, கறி கூடாது. கஞ்சி, மோர்ச்சாதம், இட்லி, அதுவும் உப்பில்லாமல். அந்த அம்மாவுக்கு இரண்டு வருஷம் இப்படித்தான் நடந்தது. மருமகள் அன்பில்லாமல் செய்யவில்லை, ரொம்ப அன்போடு செய்தார். வீட்டில் கறிக்குழம்பு வைக்கிற அன்று வாசம் போய் அத்தையின் ஆசையைத் தூண்டக் கூடாது என்று கொல்லையில் அடுப்பு மூட்டிச் சமைத்திருக்கிறார். நான் அதைப் பார்த்து, "எவ்வளவு பொறுப்பா பாத்துக்கிறீங்க" என்று பாராட்டிவிட்டு வந்தேன். அந்தப் பாராட்டை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு காலத்தில் டாக்டர்களே இப்படிச் சொன்னதுண்டு. புரதம் அதிகமானால் மூளை குழம்பும் என்று குறைக்கச் சொன்னார்கள். இப்போதைய மருத்துவ வழிகாட்டிகள் அதை மாற்றிவிட்டன. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஐம்பது கிலோ எடை உள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம் இருக்கும். இரண்டு வேளைக் கஞ்சியில் என்ன இருக்கும், நீங்களே கணக்குப் போடுங்கள். வட்டிக் கணக்கு போடுகிறவர்கள்தானே நாம்!

வெளியிலிருந்து புரதம் வரவில்லை என்றால் உடம்பு தன் சதையையே கரைத்துச் சாப்பிடும். வயிறு மட்டும் பெரிசாக இருக்கும், கை கால் தொடை எல்லாம் குச்சியாகும். பார்த்திருப்பீர்கள். அந்தத் தொடைச் சதைதானே நம்மைப் பிடித்து நிறுத்துகிறது? எலும்பும் மெலிந்து, அதைத் தாங்குகிற சதையும் கரைந்தால் ஆள் விழாமல் என்ன செய்வார்?

இன்னொரு விஷயமும் உண்டு. நல்ல ஈரல் ராத்திரிக்கு வேண்டிய சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கும், நம் குழுச் சேமிப்பு மாதிரி. கெட்ட ஈரலில் சேமிப்பு கிடையாது. ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால் காலை எட்டு மணி வரை பதின்மூன்று மணி நேரப் பட்டினி, அந்த நேரத்தில்தான் சதை கரையும். ஆகவே படுக்கும் முன்பு ஏதாவது கொஞ்சம் சாப்பிட வேண்டும் என்று சொல்கிறார்கள். ஒரு டம்ளர் பாலும் இரண்டு ரொட்டித் துண்டும், அல்லது ஒரு சின்னக் கிண்ணம் கேழ்வரகுக் கூழ். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, பால் வாங்க முடியாத வீட்டுக்கு அது பெரிய உதவி. சுகர் இருந்தால் எவ்வளவு, எது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்வது மட்டும் உண்மை. வயிற்றில் நீர், காலில் வீக்கம் இருந்தால் உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையத்தான் வேண்டும்.

கூடவே ஒன்று. யாரோ சொன்னார்கள் என்று இலையும் வேரும் இடித்துச் சாறு கொடுக்காதீர்கள். கொரோனா காலத்தில் சீந்தில் கொடி குடித்துச் சிலருக்கு ஈரலே பாதிக்கப்பட்டதை நம் நாட்டு டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே நோயுள்ள ஈரலில் சோதனை வேண்டாம்.

இனி அந்த அம்மா எப்படி விழுந்தார் என்பதற்கு வருகிறேன்.

விழுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அவரிடம் மாற்றம் இருந்திருக்கிறது. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் முழிப்பு. வெற்றிலைப் பெட்டியை ஃபிரிட்ஜுக்குள் வைத்திருக்கிறார். பேத்தியை மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கையை நீட்டச் சொன்னால் கை பட்டாம்பூச்சி மாதிரி அடித்துக்கொண்டது என்று மருமகள் பின்னால் சொன்னார். எல்லோரும் வயசாயிருச்சு என்று நினைத்துவிட்டார்கள். ஈரல் சுத்தம் செய்து வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் தங்கி மூளைக்குப் போய்விட்டால் இப்படித்தான் ஆகும். அந்தக் கழிவை வயிற்றால் வெளியேற்றத்தான் அந்த சிரப். லாக்டுலோஸ் என்று பாட்டிலில் எழுதியிருக்கும்.

அந்த சிரப்பை அவர் பாதியாகக் குறைத்துவிட்டார். யாருக்கும் தெரியாது. ஏன் குறைத்தார்? அவர்கள் வீட்டுக் கக்கூஸ் கொல்லையில் இருக்கிறது. இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். லைட் கிடையாது. நாளைக்கு மூன்று தடவை அங்கே போக அந்த அம்மாவுக்குப் பயம், ராத்திரியில் மருமகளை எழுப்பக் கூச்சம். சிரப்பைக் குறைத்ததால் குழப்பம் கூடியது. குழப்பத்தில் தூக்கம் வரவில்லை. தூக்கம் வரவில்லை என்று மகன் மெடிக்கலில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கி வந்தார். ஈரல் நோய்க்காரருக்குத் தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது சகோதரிகளே, குழப்பத்தை மயக்கம் வரைக்கும் கொண்டுபோய்விடும். அந்த மாத்திரை போட்ட மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, நீர் மாத்திரை முடுக்க, கொல்லைப் படியில் இறங்கியிருக்கிறார். இரண்டாவது படியில் விழுந்தார். ஒரு அடி உயரம்கூட இல்லாத படி.

விழுந்த பிறகு நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் முக்கால்வாசி வீட்டில் இதுவே நடக்கும். முதலில் பக்கத்து ஊரில் நாட்டுக் கட்டு. ஒன்பது நாள். வலி தாங்காமல் தினமும் ஒரு வலி ஊசி. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாதிரியான வலி மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உள்ளே ரத்தக்கசிவை உண்டாக்கும். பாரசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் அளவு உண்டு. பொதுவாக ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போக வேண்டாம் என்கிறார்கள், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நாலு. அதையும் டாக்டர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். ஊசி போட்டவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஈரல் நோய் இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

இடுப்பு எலும்பு முறிவு கட்டுப் போட்டுச் சரியாகிற முறிவு இல்லை. பெரும்பாலும் ஆபரேஷன்தான். தாமதமாக ஆக ஆகப் படுக்கைப் புண், நுரையீரலில் சளி, ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ நாலைந்து பேரில் ஒருவர் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோகிறார்கள். ஈரல் நோய் இருந்தால் அது இன்னும் கூடும், ஏனென்றால் ரத்தம் உறைவதற்கான பொருள்களையும் ஈரல்தான் தயாரிக்கிறது. அந்த அம்மாவுக்கு ஆபரேஷனில் ரத்தம் நிற்கச் சிரமப்பட்டு, நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் செலவு போய்விட்டது. மற்றதெல்லாம், ஆட்டோ, கூட இருப்பவர் சாப்பாடு, கூலி இழப்பு, அதற்குத்தான் அந்த 30,000. எட்டாவது படிக்கிற பேத்தி பதினோரு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. தீர்மான நோட்டில் அதற்குப் பக்கம் கிடையாது.

இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை வருகிறார். வாசலில் உட்கார்ந்து வெயில் காய்கிறார். முட்டை சாப்பிடுகிறார்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. காலை ஆறு மணி இளவெயிலில்தான் சத்து என்று நம்புகிறோம். இளவெயில் இதமாக இருக்கும், ஆனால் வைட்டமின் டி உண்டாக்குகிற கதிர் அதில் மிகக் குறைவு. பத்து, பதினோரு மணிக்கு மேல்தான் அது இருக்கும். முகமும் கையும் காலும் கொஞ்ச நேரம் வெயில் பட உட்கார்ந்தால் போதும், வேர்த்து மயங்கும் வரை உட்கார வேண்டாம்.

உங்கள் வீட்டில் ஈரல் நோய் உள்ள பெரியவர் இருந்தால் இன்றைக்குப் போனதும் ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். எழ முடியவில்லை என்றால் தொடையில் பலம் இல்லை. உயரம் குறைந்திருக்கிறதா, முதுகு கூன் விழுகிறதா, முன்பு நின்ற இடத்தில் விழுந்தே மணிக்கட்டு முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஈரல் டாக்டரிடமே "எலும்பையும் பாக்கணும் சார்" என்று வாய் திறந்து கேளுங்கள். எலும்பின் அடர்த்தி பார்க்க டெக்சா ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, பெரிய ஊர்களில் எடுப்பார்கள். வைட்டமின் டி அளவை ரத்தத்தில் பார்க்கலாம். எலும்புக்கு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் சுருக்கம் முற்றியவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருக்கும், அவர்களுக்குச் சில எலும்பு மாத்திரைகள் ஆகாது, ஊசியாகக் கொடுப்பார்கள். ஆகவே அடுத்த வீட்டு அம்மா சாப்பிடுகிற மாத்திரையைக் கடன் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்கள் நம் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள்தான். அந்தச் சகோதரிகள் சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கப் போகும்போது ஈரல் நோய்க்காரர் வீட்டில் கக்கூஸ் எங்கே இருக்கிறது, ராத்திரி லைட் இருக்கிறதா, சிரப் ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று மூன்று கேள்வி சேர்த்துக் கேட்டால் நல்லது. நடக்கச் சிரமப்படுகிறவருக்கு இயன்முறைப் பயிற்சிக்கும் சொல்லிவிடலாம்.

(பின்வரிசையிலிருந்து ஒரு உறுப்பினர்: "எல்லாஞ் சரி மேடம். எங்க வீட்டுக்காரரு குடிச்சுக் குடிச்சே ஈரலக் கெடுத்துக்கிட்டாரு. சம்பாதிச்சதும் போச்சு, அடியும் வாங்குனேன். அவருக்கு நான் ஏன் முட்டை அவிச்சுக் குடுக்கணும்?" சிலர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.)

அக்கா, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் பட்டதை நான் படவில்லை. ஒன்று மட்டும் கணக்காகச் சொல்கிறேன். அவர் விழுந்து இடுப்பு முறிந்தால் படுக்கையில் மலம் அள்ளப் போவது நீங்கள். வேலைக்குப் போகாமல் உட்காரப் போவது நீங்கள். கடன் உங்கள் பேரில் எழுதப்படும். முட்டையை அவருக்காகக் கொடுக்க வேண்டாம், உங்களுக்காகக் கொடுங்கள். குடியை நிறுத்தினால் ஈரலும் ஓரளவு தேறும், எலும்பும் தேறும், இது உண்மை. ஆனால் தினமும் நிறையக் குடிக்கிறவரை வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வந்து உயிர் போகும் ஆபத்து உண்டு. அரசு மருத்துவமனையில் குடிநோய்க்கான பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், இதை எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். அடிப்பது தனி விஷயம். கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்காமல் போகாதீர்கள்.

கடைசியாக, கூட்டமைப்பின் முன்னால் இரண்டு கோரிக்கை வைக்கிறேன். தலைவி அக்காவிடம் எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று, படுக்கை நோயாளியைப் பார்த்துக்கொள்வதால் கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினருக்கு அபராதம் போடக் கூடாது. அந்த உறுப்பினரின் முப்பது ரூபாயை அவர் குழுவே போன வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டது. கொடுக்கும்போது அவர் அழுதார். முப்பது ரூபாய்க்காக யாரும் அழுவதில்லை, ஆனால் எதற்காக என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, கக்கூஸில் கைப்பிடிக் கம்பி, ஒரு பல்பு, படிக்குப் பதில் சாய்தளம், இது மூன்றுக்கும் வட்டியில்லாத சிறு கடன். கொத்தனார் கூலியோடு எவ்வளவு ஆகும் என்று நம் உறுப்பினர்களிலேயே சித்தாள் வேலை பார்க்கிற நாலு பேரிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறேன், பொருளாளரிடம் இருக்கிறது. யார் யார் வீட்டில் தேவை என்று ஊக்குநர்கள் குழுவாரியாகப் பெயர் எழுதிக் கொடுங்கள். தாள் வெளியே சேமிப்பு வசூல் மேஜையில் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்குள் வந்துவிட வேண்டும். கையெழுத்து இரண்டு, மறக்க வேண்டாம்.